வடக்கு வாசல்

இலங்கையில் போர் முடிந்த அந்த வருடம் இலையுதிர் காலத்தில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் இரண்டு ஆமைகளுக்கு வீடு கட்டினேன். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

உள்ளங்கையில் அடங்கும் அளவில் மகளுக்கு வாங்கிக் கொடுத்த தரை ஆமைகள் அவை. இதற்கு மேல் வளராது என்று விற்றவன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். மகள் வளர்ந்து வேறு நகரத்துக்குப் படிக்கப் போய்விட்டாள். ஆமைகளோ ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்ற அளவுக்கு வளர்ந்து என் தலையில் விழுந்தன. பாலைவனத்து இனம், குளிர் ஆகாது. ஒவ்வொரு பனிக்காலமும் வீட்டுக்கு அடியில் பேஸ்மென்றில்தான் கிடந்தன.

முந்தைய வருடம் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். என் தம்பி போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டான். அந்தப் பனிக்காலம் முழுக்க அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா ஒருநாள் துணி தோய்க்கப் பேஸ்மென்றுக்கு இறங்கியவர், ஆமைகளைக் கண்டு நெஞ்சில் கைவைத்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் ஆமை வந்தால் குடி விளங்காது என்பது அவர் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சங்கதி. போர் முடிந்து, தம்பி உயிரோடு இராணுவத்தின் முட்கம்பி முகாமில் இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் அவர் மனம் ஆறவில்லை.

"உதுகள் இந்தமுறை உள்ளுக்க வரக்கூடாது, மோனை. அவன் வெளியில வரோணுமெல்லே?"

மரச்சட்டம் அடித்தேன், பிளைவுட் அறைந்தேன், சுவருக்குள் பஞ்சு திணித்தேன், ஒயில் ஹீற்றர் ஒன்று வைத்தேன். எங்கள் பின்கதவைப் பார்த்தபடி தெற்கே வாசல் வைக்க நினைத்தேன். வீடு காற்றை மறைக்கும். அம்மா விடவில்லை. எங்கள் வாசலும் ஆமையின் வாசலும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாதாம். வாசலை வடக்கே திருப்பினேன். ரொறொன்ரோவில் வடக்கிலிருந்து என்ன வரும் என்று இருபது வருடம் இங்கே கிடந்த எனக்குத் தெரியாதா? தெரியும்.

முதல் குளிர்காற்று வாசலில் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரையைத் தூக்கி எறிந்தது. வாசலைப் பலகையால் அடைத்தேன். அன்றிலிருந்து ஆமைகளில் பெரியது சுவரை இடிக்கத் தொடங்கியது. டொம், டொம் என்று நாள் முழுக்கச் சத்தம் குசினி வரை கேட்டது.

"என்னெண்டு மோனை உதைப் பூட்டி வச்சிருக்கிறாய்?"

"அதின்ரை நன்மைக்குத்தான் அம்மா. வெளியில விட்டால் செத்துப்போகும்."

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வேலைக்குப் போனால் தம்பி அழைப்பானோ என்று தொலைபேசியைப் பார்த்தபடி நிற்பேன். வீட்டுக்கு வந்தால் இந்தச் சத்தம். ஹீற்றரை விட்டு ஒரு இரவுகூட எங்கும் போக முடியாது. இந்த வீட்டில் அடைபட்டுக் கிடப்பது ஆமைகள் மட்டுமில்லை என்று மனைவியிடம் கத்தினேன். அவள் தேத்தண்ணி ஊற்றினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அழைத்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று தொலைபேசியைச் சத்தமாக விட்டு மேசையில் வைத்தேன்.

"கொஞ்சப் பேரை விட்டுட்டாங்கள், அண்ணை. எங்கட பக்கம் இன்னும் இல்லை. கேட்டால், உங்கட நன்மைக்குத்தான் வச்சிருக்கிறம் எண்டுறாங்கள்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே ஆமை இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே கடும் குளிர் இறங்கியது. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அம்மா குசினி யன்னலடியில் நின்றார்.

"சத்தம் நிண்டிட்டுது."

ஓடினேன். பலகை இடுக்கால் பனித்தூள் உள்ளே வந்து கிடந்தது. ஹீற்றர் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அந்தக் காற்றுக்கு அது எந்த மூலைக்கு? இரண்டும் தலையை உள்ளே இழுத்துவிட்டிருந்தன. பெரியதின் காலைத் தொட்டேன், கல்லாகக் குளிர்ந்திருந்தது. கனநேரம் கழித்துத்தான் அசைந்தது.

திரும்பி வந்து பின்கதவடியில் நின்றேன். கேட்க எனக்குத் துணிவில்லை.

"உள்ளுக்க கொண்டு வா," என்றார் அம்மா.

"அம்மா, நீங்கள்தானே..."

"வந்து இனி என்னத்தைக் கெடுக்கக் கிடக்கு? கொண்டு வா!"

நானும் மனைவியும் போர்வையில் வைத்து இரண்டையும் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தோம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் அம்மா. பெரியது குசினி நடுவில் கிடந்து, மெல்லத் தலையை நீட்டியது.

குளிர் வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதை மோனை," என்றார். "பூட்டி வச்சது போதும். கொஞ்ச நேரம் திறந்து கிடக்கட்டும்."