வேர்வை அறையில் காய்ந்த மிளகாய்

சோங்கோக் ஊர்ப் பெண்களின் முதுகு மொத்தமும் மால்சுன்னுக்கு அத்துப்படி. முகத்தைப் பார்த்தால் பேர் மறந்துபோகும். முதுகைக் காட்டினால் போதும், இன்னார் வீட்டு மருமகள், இந்த வருஷம் எத்தனை மூட்டை தூக்கினாள், மாமியாரோடு பேசுகிறாளா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவாள்.

ஊர்க் குளியல்கூடத்தில் முதுகு தேய்ப்பதுதான் அவள் தொழில். வெந்நீரில் ஊறி வருகிறவர்களைப் பலகையில் படுக்கப் போட்டு, சொரசொரப்பான பச்சைக் கையுறையால் அழுக்கைத் திரித்திரியாக உருட்டி எடுப்பாள். ஒரு பக்கம் முடிந்ததும் தொடையில் பளாரென்று ஓர் அடி விழும். திரும்பிப் படு என்று அர்த்தம். தலைமையாசிரியை ஆனாலும் சரி, போலீஸ்காரர் மனைவி ஆனாலும் சரி, அந்த அடிக்கு மறுபேச்சு இல்லாமல் திரும்புவார்கள்.

அந்தப் பலகையைத் தாண்டினால் அவள் பேச்சை நாய்கூடக் கேட்காது. ஓக்சிம் கேட்கவே மாட்டாள்.

ஓக்சிம், மால்சுன் புருஷனுடைய அண்ணன் மனைவி. மலைச்சரிவில் அவளுக்குப் பெரிய மிளகாய்த் தோட்டம். நவம்பரில் குடும்பத்துப் பெண்களெல்லாம் அவள் முற்றத்தில்தான் கூடுவார்கள். மலையாகக் குவித்த உப்பிட்ட முட்டைக்கோஸுக்கு மிளகாய் விழுது பூசி, குளிர்காலம் முழுவதற்கும் கிம்ச்சி போட்டு வைப்பார்கள். வேலை முடிந்ததும் ஓக்சிம் ஒரு பை மிளகாய்த்தூளை மால்சுன்னிடம் நீட்டுவாள். தூள் நல்ல தூள்தான். கூட வருகிற பேச்சுதான் காரம்.

போன வருஷம் அத்தனை பெண்களுக்கும் நடுவில் சொன்னாள். "ஏ மால்சுன், ஊர் அழுக்கை உருட்டுற கைக்கு மிளகாய் எங்கேர்ந்து வரும்? நான் குடுக்கலேன்னா உன் வீட்டு கிம்ச்சி சீக்காளி மூஞ்சி மாதிரி வெளுத்துல்ல கெடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மால்சுன்னும் வழக்கம்போல அவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பாள். ஆனால் அன்றைக்கு வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அடுத்த வருஷம் இந்தக் கோஸ் மொத்தத்துக்கும் மிளகாய் என்னோடதுதான்க்கா. இந்தப் பை எனக்கு வேணாம்."

பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில் கிம்ச்சி வெள்ளை வெளேரென்று இருந்தது. புருஷன் தோங்பே லாரி ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. வெளுத்ததையே சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்குப் போகும்போது மட்டும் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போனார்.

இனி மிளகாய் விளைந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அதே முற்றத்தில், அதே பெண்களுக்கு நடுவில், அதே பைக்குக் கையை நீட்ட வேண்டும்.

குளியல்கூடத்துக்குப் பின்னால், கொதிகலன் அறைக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. நிலம் என்று மரியாதைக்குச் சொல்வது. உடைந்த ஓடும் பழைய கரிச்சாம்பலும்தான் அதன் விளைச்சல். முதலாளி குவோன், "அங்க களையே முளைக்கப் பயப்படுது" என்றார். மால்சுன் மார்ச் முழுக்கக் கொத்தினாள். பனி விலகி மே பிறந்ததும் சந்தையில் நாற்று வாங்கி நட்டாள். செடிக்குக் கம்பு வேண்டுமே? தேய்ந்துபோன துடைப்பங்களின் கைப்பிடிகளை ஊன்றினாள். கட்டக் கயிறு? குளிக்க வருகிறவர்கள் மறந்துவிட்டுப் போன தலைமுடி ரப்பர்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. சிவப்பு, மஞ்சள், ஊதா, ஒன்றில் பிளாஸ்டிக் முயல்கூட இருந்தது. மிளகாய்ச் செடிகள் பள்ளிக்கூடம் கிளம்பிய பெண் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

சாயங்காலம் குளியல்கூடம் மூடும்போது குளிர்ந்த தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு செடிகளுக்கு ஊற்றுவாள். சுத்தமான தண்ணீர், சோப்பு படாதது. ஆனால் சேதி மலைச்சரிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதில் நுரை வந்துவிட்டது. ஊர் குளித்த தண்ணீரில் மிளகாய் வளர்கிறதாம், பல்லில் வைத்தால் சோப்பு வாசனை அடிக்குமாம் என்று ஓக்சிம் சொல்லிச் சிரித்ததாகத் தகவல்.

மீதி இடத்தில் போட்ட காய்கறியும் ஏமாற்றவில்லை. ஜூனில் லெட்டூஸ் தழைத்தது. வெள்ளரி ஒருநாள் பறிக்காமல் விட்டால் மறுநாள் உலக்கையாகத் தொங்கியது. கத்தரி, இளம் பூசணி எதற்கும் குறைவில்லை. குளித்து முடித்த பெண்கள் உடை மாற்றும் அறையில் வட்டமாக உட்கார்ந்து, பச்சை மிளகாயைச் சோயா விழுதில் தொட்டுக் கடித்தார்கள். பூசணியை வட்டமாக நறுக்கி, முட்டையில் தோய்த்து வாட்டிக் கொடுத்தாள் மால்சுன். குவோனுக்கு மட்டும் தனிக் கவனிப்பு. தினமும் மதியம் ஐஸ் மிதக்கும் புளிப்பு வெள்ளரி ரசம் ஒரு கிண்ணம் அவர் மேசைக்குப் போகும். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கே அப்போது தெரியாது.

ஆகஸ்டில் மிளகாய் சிவந்தது. அப்படி ஒரு சிவப்பு. வேலிப் பக்கம் போனவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இனி வெயிலில் பரப்பிக் காயவைத்துத் தூளாக்க வேண்டியதுதான் பாக்கி என்று இருக்கும்போது மழை வந்தது.

வந்த மழை ஊரிலேயே தங்கிவிட்டது. வெயில் எட்டிப் பார்க்கும், மிளகாயைப் பரப்புவதற்குள் ஓடிப்போகும். ஊரெல்லாம் பிளாஸ்டிக் விரிப்பு, ஊரெல்லாம் ஓட்டம். மால்சுன் முதல் பறிப்பை வீட்டுக்குள் கொண்டுபோய்த் தரையில் பரப்பி, குளிர்காலத்துக்கென்று தரைக்கு அடியில் வைத்திருக்கிற சூட்டைப் போட்டுவிட்டாள். வெளியே ஆகஸ்ட் புழுக்கம், உள்ளே அடுப்பு. தோங்பே தும்மித் தும்மி மூக்கு சிவந்து, தலையணையோடு லாரிக்குக் குடிபோனார். அப்படியும் இருந்த இடத்தில் கால்வாசி மிளகாய்க்குத்தான் தரை கிடைத்தது. மூலையில் குவித்தது பூசணம் பிடித்தது.

பூசணம் பிடித்ததை அள்ளிக் கொட்டிவிட்டு வேலைக்கு வந்தவள், குளியல்கூடத்தின் வேர்வை அறை முன்னால் நின்றாள். களிமண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய குண்டு அறை. விறகு போட்டு எரித்துத் தணலை வாரி எடுத்துவிட்டால், உள்ளே உட்கார்ந்து பெண்கள் வேர்த்துக் கொட்டுவார்கள். கோடையில் அங்கே ஈ காக்கை இல்லை. அந்த மாதக் கடைசிவரை குளியல்கூடத்துக்கே விடுமுறை விடுவதாக இருந்தார் குவோன்.

அவர் வெள்ளரி ரசம் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். மழைக்காலத்தில் சும்மா பூட்டி வைத்தால் அறை பூசணம் பூத்துப்போகும் என்றாள். விறகு தன்னுடையது, பழைய மரப்பெட்டிகளைத் தோங்பே லாரியில் கொண்டுவந்து போடுவார் என்றாள். குவோன் கிண்ணத்தைப் பார்த்தார். அதில் பாதி ஏற்கெனவே அவர் வயிற்றுக்குள் இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதல் தடவை ஜனவரியில் போடுகிற தீயையே போட்டாள். இரண்டாம் பறிப்பு மொத்தத்தையும் தட்டுகளில் அடுக்கிக் கதவைச் சாத்தினாள். திறந்து பார்த்தபோது மிளகாயெல்லாம் கறுத்துச் சுருண்டு, வறுத்த வாசனையோடு கிடந்தது. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். கசந்தது. தட்டுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது. அழுகையா காரமா என்று விறகு இறக்க வந்த தோங்பேவுக்குத் தெரியவில்லை.

"இன்னும் செடியில இருக்குல்ல" என்றார். அந்த மாதம் முழுக்க அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

இருந்தது. மூன்றாம் பறிப்பு. அதுவும் போனால் முற்றத்துக்கு வெறுங்கையோடுதான் போக வேண்டும்.

இந்த முறை அவசரப்படவில்லை. எத்தனை வருஷமாக அந்த அறைவாசலில் நின்றிருக்கிறாள்! சூடு அதிகமானால் பெண்கள் வாயைத் திறக்காமல் ஓடிவந்துவிடுவார்கள். சூடு பத்தாவிட்டால் போர்த்திக்கொண்டு முனகுவார்கள். நடுவில் ஒரு சூடு உண்டு. அதில்தான் கால் நீட்டிப் படுத்து ஊர்வம்பு பேசுவார்கள், பேச்சு நிற்கவே நிற்காது. அந்தச் சூடுதான் மிளகாய்க்கும் என்று முடிவு செய்தாள். தீயைக் குறைத்து, தணல் வாரிய பிறகும் வெகுநேரம் காத்திருந்து, தானே உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தாள். கண் எரியாமலிருக்க யாரோ விட்டுப்போன நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஈரக்காற்று வெளியே போகக் கதவை ஒருக்களித்து ஒரு மின்விசிறி. தனியாகப் படுத்துத் தனக்குத்தானே ஓக்சிமைப் பற்றி வம்பு பேசினாள். பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. சூடு சரி.

இப்படியே சூடு ஏற்றி, ஆறவிட்டு, புரட்டி, மறுபடி ஏற்றி எடுத்தாள். கடைசியில் ஒரு மிளகாயை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். விதை உள்ளே கலகலவென்றது. விளக்குக்கு நேரே பிடித்தால் தோல் வழியே வெளிச்சம் சிவப்பாக வந்தது.

மழை நிற்பதாக இல்லை. ஒருநாள் குளியல்கூடத்துப் பின்வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓக்சிம் இறங்கினாள். கணுக்கால் வரை சேறு. தோட்டத்தில் பாதி செடியிலேயே அழுகிவிட்டது. பறித்த மீதி மூட்டைகளில் நனைந்து கிடந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அதுவும் குப்பைதான்.

"எடம் இருக்குமா?" என்று கேட்டாள். மால்சுன் முகத்தைப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்துக் கேட்டாள்.

மால்சுன் இந்த நாளுக்காக எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள், ஒவ்வொன்றும் நல்ல கூர்மையானது. வாயில் வந்தது வேறு.

"மொதல்ல குளிங்க. இந்தச் சேத்தோட மிளகா பக்கம் விடமாட்டேன்."

மூட்டைகளை அவளே அவிழ்த்துத் தட்டுகளில் பரப்பினாள். பிறகு ஓக்சிமைப் பலகையில் படுக்கச் சொன்னாள். குடும்பத்தில் எல்லோர் முதுகும் தேய்த்திருக்கிறாள், இந்த முதுகு மட்டும் இத்தனை வருஷத்தில் அவள் கைக்கு வந்ததே இல்லை. வலி பிளாஸ்திரி ஒட்டி ஒட்டிப் பிய்த்த தடம் சதுரம் சதுரமாக இருந்தது. இடது தோள் இறங்கியிருந்தது. நடு முதுகில் கை எட்டாத இடத்தில், யாரும் தேய்த்துவிடாத ஓர் அழுக்குத் தீவு. கையுறைக்குள் மால்சுன்னின் கை தானாகவே மெதுவானது.

"என்ன, தடவிக் குடுக்குற? வேலை தெரியாதா?" என்றாள் ஓக்சிம், பலகையில் கன்னம் அழுந்த.

மால்சுன் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள். அறையெல்லாம் எதிரொலித்தது.

"திரும்புங்கக்கா."

ஓக்சிம் திரும்பிப் படுத்தாள்.

செப்டம்பரில் குளியல்கூடம் திறந்தபோது வேர்வை அறைக்குள் போனவர்களெல்லாம் தும்மிக்கொண்டே வெளியே வந்தார்கள். குவோன் பயந்துபோய், 'சளிக்கு நல்லது' என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் மூக்கடைப்போடு ஆள் வந்தது. மழை விட்டபின் செடிகள் இன்னொரு முறை காய்த்தன. பனி விழும்வரை மால்சுன் பறித்தாள், காயவைத்தாள், அரைத்தாள்.

நவம்பரில் அதே முற்றம், அதே பெண்கள், மலையாகக் கோஸ். மால்சுன் தன் தூளைப் பெரிய தொட்டியில் கொட்டினாள். முள்ளங்கியும் பூண்டும் உப்பு மீனும் சேர்ந்ததும் விழுது அந்தி வானம் மாதிரி ஆனது. கடைசிக் கோஸ்வரைக்கும் அதுதான் பூசினார்கள். ஓக்சிமின் மிளகாயில் பிழைத்தது குழம்புக்கு மட்டும்தான் காணும்.

புதுக் கிம்ச்சியில் வெந்த பன்றிக்கறித் துண்டைச் சுற்றி, பெரியவளுக்கு முதலில் ஊட்டுவது அந்த வீட்டு வழக்கம். மால்சுன் சுற்றி ஓக்சிம் வாயருகே கொண்டுபோனாள். முற்றமே கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. ஓக்சிம் மென்றாள். நிதானமாக மென்றாள்.

"சோப்பு வாசனை வருதாக்கா?"

ஓக்சிம் விழுங்கினாள். மூக்கு நுனி சிவந்து கண் கலங்கியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த ஒரு காலிப் பையை எடுத்து உதறி, அதன் வாயை இரண்டு கையாலும் விரித்து மால்சுன் முன்னால் நீட்டினாள்.

"லேசா வருது" என்றாள். "எனக்கும் கொஞ்சம் போடு."