வசந்தா பிரித்துப் பார்த்த தோட்டாக்கள்

செய்தி வந்தபோது மகளை அழைத்துவர டேகேர் வாசலில் கார் வரிசையில் காத்திருந்தேன். "வசந்தா மேடம் போய்ட்டாங்க. காலைல வாக்கிங் போன எடத்துலயே விழுந்துட்டாங்களாம்" என்றார் அலுவலக நண்பர். முன்னால் இருந்த கார் நகர்ந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். இரண்டு வாரமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கராஜைக் கூட்டுகிறேன், கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டுகிறேன். அவரை அறிந்த உங்களிடம் சொன்னாலாவது இது அடங்குமா என்று பார்க்கிறேன்.

வசந்தா கரூர்க்காரர். இர்விங் நகரில் அவரும் நானும் வேலை பார்த்த நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். ஆனால் நான் அவரை முதலில் பார்த்தது அங்கே அல்ல, ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலில். சுடுவதை நிறுத்தச் சொல்லி ஆங்கிலத்தில் உத்தரவு வந்த பிறகும் என் புது ரைஃபிளைத் தொட்டபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளருக்கான சிவப்புச் சட்டை அணிந்த பெண் ஒருவர் பக்கத்தில் வந்து, "தமிழுங்களா? அப்ப தமிழ்லயே சொல்றேன். கைய எடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். மறுநாள் அலுவலக கேண்டீனில் அதே முகத்தைப் பார்த்துத் திகைத்தேன். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

பக்கத்து ஊரான காப்பெலில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான கமலா ஆன்ட்டியின் கணவர் சுந்தரம் அங்கிள் மயக்க மருந்து மருத்துவர். மான் வேட்டைக்குப் போவார். தோட்டாவைக் கடையில் வாங்க மாட்டார். காலிப் பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தை அளந்து போட்டு, முனையில் குண்டைப் பொருத்தி, கராஜில் தாமே செய்துகொள்வார். அவர் மறைந்து ஓராண்டு ஆகும் சமயத்தில், அவர் விட்டுச்சென்றதில் மீதமிருந்த நாற்பது தோட்டாக்களை நண்பர் ஒருவரின் பண்ணையில் மகன் அருண் சுட வேண்டும் என்று ஆன்ட்டி ஆசைப்பட்டார். வசந்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான். அவரை அழைத்துப் போனவனும் நான்தான்.

சாப்பாட்டு மேசையில் தகர டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு தோட்டாவையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் வசந்தா. பச்சைக் கறை படிந்திருந்த ஐந்தை ஒதுக்கி வைத்தார். காப்பி ஆறிவிட்டது.

"மத்ததெல்லாம் ஓகேதானே?" என்றார் ஆன்ட்டி.

"சொல்ல முடியலீங்க ஆன்ட்டி. டப்பா லேபிள்ல ரெண்டு மருந்துப் பவுடர் பேரு எழுதி ஒண்ண அடிச்சிருக்குது. எது எதுல இருக்குதுன்னு தெரியல. எந்த வருஷம்னும் இல்ல. வெளிய பாத்து உள்ள இருக்கறத நான் சொல்ல முடியாதுங்க. மருந்து தப்பா இருந்தா துப்பாக்கியே வெடிக்கலாமுங்க. சுட வேண்டாம்."

அருண் வசந்தாவைப் பார்த்துச் சிரித்தான். "லாஸ்ட் மன்த் ரெண்டு ஃபயர் பண்ணேன், ஆன்ட்டி. தே வேர் ஃபைன்."

"அந்த ரெண்டும் நல்லா இருந்துதுன்னு தெரியுது தம்பி. அவ்வளவுதான் தெரியுது."

ஆன்ட்டியின் முகம் மாறிவிட்டது. "முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல எத்தனை உயிரைக் கையில வெச்சிருந்தார்! அவர் கேர்லெஸ்ஸா இருந்தார்ங்கறியா?"

"நான் அப்படிச் சொல்லலீங்க."

"வேற என்ன சொல்ற?" டப்பாவை மூடி வசந்தாவின் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போ. நீயே பிரிச்சுப் பாரு. தப்பு இருந்தா வந்து சொல்லு."

காரில் ஏறியதும் நான் அவர் பக்கம் நிற்கவில்லை. "அவங்களுக்கு அது ஒரு சென்டிமென்ட், அக்கா. சரின்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றேன். அடுத்த சிக்னலில் கார் நின்றது. அவர், "ஒண்ணும் ஆகாமயே போயிருக்கலாம். ஆனா துப்பாக்கிய கன்னத்துல வெக்கப் போறது அந்தப் பையன்தானுங்களே" என்றார். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக் கராஜில் பிரித்தோம். கண்ணுக்குக் கவசக் கண்ணாடி. சுத்தியல் போன்ற ஒரு கருவியில் தோட்டாவை மாட்டித் தட்டினால் குண்டு கழன்று, மருந்து தனியே வந்துவிடும். அதை ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்து, தனித்தனியாக மடித்து வைத்தார். ஒதுக்கி வைத்த ஐந்தைத்தான் முதலில் எடுத்தார். நான்கில் மருந்து நன்றாகவே இருந்தது. "பாருங்க, என் கண்ணே ஏமாந்துருச்சு" என்றார். எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம்கூட எழுந்தது. ஆனால் பளபளவென்றிருந்தவற்றைத் தட்டத் தொடங்கியதும், ஒன்றிலிருந்து செம்பழுப்பாகத் தூள் கொட்டியது. மூக்கில் ஏறும் புளித்த நெடி. கூட்டின் உட்சுவர் பச்சையாக அரித்துப் போயிருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. பாதி டப்பா முடிவதற்குள் அப்படி மூன்று.

அருணுக்குப் படம் எடுத்து அனுப்பப் போனேன். "வேண்டாங்க. அவங்கப்பா செஞ்சதுங்க இது. நானே போய் சொல்லிக்கறேன்" என்று தடுத்தார். இதற்கு மேல் பிரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, மகளைச் சாக்காகச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். உண்மையில், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டப்பா வசந்தாவிடம் இருந்ததால், மறுநாள் பண்ணையில் அருண் கடையில் வாங்கிய தோட்டாக்களைச் சுட்டான். வசந்தாவை யாரும் அழைக்கவில்லை. என்னை அழைத்தார்கள், போனேன். அவரும் ஆன்ட்டியும் பிறகு பேசிக்கொண்டார்களா என்று கேட்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் தினமும் வசந்தாவோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். காரில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்து, வேறு எதையோ பேசி எழுந்திருக்கிறேன்.

இறுதிச் சடங்கில் கமலா ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுது கண் வீங்கியிருந்தது. "பண்ணைக்குப் போன அடுத்த வாரமே வசந்தா தனியா வந்தாப்பா. ஏழு கெட்டுப் போச்சுன்னா. அப்புறம் ஒரு பேப்பரை நீட்டினா. மீதி முப்பத்து மூணு தோட்டாவோட மருந்தையும் ஒவ்வொண்ணா தராசுல வெச்சு எழுதியிருந்தா. 'அங்கிள் போட்ட அளவு ஒண்ணுலகூட பிசகலீங்க. மருந்துதான் கெட்டிருக்குது. கராஜ் சூட்டுலயா, பழசாகியான்னு எனக்குத் தெரியல'ன்னா. அந்தப் பேப்பரை அவர் போட்டோவுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன்."

என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றேன்.

வசந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சனிக்கிழமை மாலையை. தாம் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது, வாசலில் என் கார் கிளம்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகும் அவர் உட்கார்ந்து, செத்துப்போன ஒரு மனிதர் எதைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்திருக்கிறார். நான் பார்க்காத மாலை அது. அதைத்தான் வைத்திருக்கிறேன்.