அக்கா வளர்த்த எதிர்ப்பு சக்தி

"அடுத்தவன் கை உனக்கு எப்படிப்பா ஒட்டிக்கிச்சு?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒட்டுவது பெரிய விஷயமே இல்லை ஐயா. அதை டாக்டர்கள் தைத்துவிடுகிறார்கள். தைத்த கையை நம் உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமே, அங்கேதான் எல்லா எழவும்.

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காது, அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. வேலை மெதுவாகிறது என்று அதைக் கழற்றி வைத்திருந்தார்கள். இரண்டு கையும் மணிக்கட்டோடு போயிற்று. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். எதைக் கொண்டு வாங்கிக்கொள்வேன் என்று அந்த மகராசன் யோசிக்கவே இல்லை.

அதன் பிறகு எல்லாமே என் அக்காதான். மாமா கொரோனாவில் போனதிலிருந்து இரும்புலியூர் வீட்டில் தனியாக இருந்தாள், என்னைக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். சட்டை போட்டுவிடுவது, மூக்கைத் துடைப்பது, கழிப்பறையில் கழுவிவிடுவது வரை அவள்தான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. நாற்பதைத் தாண்டிய ஆம்பிளை நான், வெட்கத்தில் தினமும் செத்துப் பிழைத்தேன். யாரையும் கூப்பிடாமல் என் காரியத்தை நானே பார்த்துக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய கைகள் கிடைத்தன. யாரென்று எனக்குச் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் பயிற்சி. மெல்ல மெல்ல விரல்கள் மடங்கின. ஒருநாள் குழாயைத் திறந்தேன், தண்ணீர் சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி கையில் தெரிந்ததும் அப்படியே நின்று அழுதேன். பிறகு நானே பல் விளக்கினேன், நானே குளித்தேன். ராஜா மாதிரி இருந்தேன் போங்கள்.

"உங்க உடம்புக்கு இது வெளியாள் கை," என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். "எதிர்ப்பு சக்தி அதை விரட்டப் பார்க்கும். அதனால மாத்திரை குடுத்து அந்த சக்தியை நாங்களே வேணும்னு குறைச்சு வெக்கிறோம். உள்ளுறுப்பை விடத் தோலுக்கு ரோஷம் அதிகம். சிவந்தா உடனே வந்துடணும். மாத்திரை ஆயுசுக்கும் உண்டு."

நான் ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கினேன். அக்கா காதில் 'குறைச்சு' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. எதிர்ப்பு சக்தி இல்லாமல்தான் மாமா போனார் என்று எவரோ அவளிடம் சொல்லித் தொலைத்திருந்தார்கள். எங்கள் ஏரியாவும் அதற்கேற்ற ஏரியா. மழைக்காலம் வந்தால் தெருமுனையில் அண்டாவை வைத்துக்கொண்டு, போகிற வருகிறவனை எல்லாம் நிறுத்திக் கஷாயம் ஊற்றுவார்கள். வேண்டாம் என்றால், "இன்னாபா, நல்லதுக்குத்தான குடுக்கறோம்?" என்று கோபித்துக்கொள்வார்கள். அந்த அண்டாவைப் பார்த்தாலே நான் வேறு தெரு வழியாகப் போய்விடுவேன்.

ஒருநாள் புறங்கையில் சிவப்பாக ஒரு திட்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். "தொட்டதே இல்ல மேடம்," என்று அடித்துச் சொன்னேன். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். ஊசி போட்டார்கள், மாத்திரையைக் கூட்டினார்கள், திட்டு அடங்கியது. கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை இரண்டு கையும் வீங்கிக் கொப்புளித்துவிட்டன. டாக்டரம்மா இப்போது அக்காவிடம் திரும்பினார். "வீட்ல சமையல் நீங்கதானே? என்ன குடுக்கறீங்க?"

அக்கா ஒளிக்கவே இல்லை. "காலைல கூழ்ல சீந்தில் பொடி கலந்து குடுக்கறேன் மேடம். தெரிஞ்சா குடிக்கமாட்டான், அதான் சொல்லல. போன தடவ செவந்தப்போ சக்தி பத்தலன்னு ரெண்டு பங்கா போட்டேன். அது இல்லன்னா இவன் இந்நேரம் போய்ச் சேந்திருப்பான்."

"அன்னிக்கே கேட்டேனே, ஏம்மா சொல்லல?"

"நீங்க அவனத்தான மேடம் கேட்டீங்க?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நாங்க எதைக் குறைக்கப் பாடுபடறோமோ, அதை நீங்க வளர்த்திருக்கீங்கம்மா," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஒழுங்கா மாத்திரை போட்டாலும் சிலருக்கு இப்படி ஆகும்," என்றார். அந்தப் பேச்சுதான் இன்றுவரை என்னைக் கொல்கிறது. அவளை முழுசாகத் திட்டவும் வழியில்லாமல் போய்விட்டது.

எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கைகளை எடுத்துவிட்டார்கள். எவள் பெற்ற பிள்ளையின் கைகளோ! அந்த வீட்டார் அழுதுகொண்டே கொடுத்ததை நாங்கள் கூழில் கரைத்துத் தீர்த்தோம்.

வீட்டுக்கு வந்த அன்று எதிர்வீட்டு அம்மா பார்க்க வந்தார். அக்கா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "உங்கக்கா மாதிரி ஒருத்தி கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்பா," என்றார் அந்த அம்மா. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையைத் தின்றவளே இவள்தான் என்று தெருவே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது, வார்த்தை தொண்டை வரை வந்தேவிட்டது. அந்த நேரம் பார்த்து வயிறு கலக்கியது.

"அக்கா," என்றேன். "பாத்ரூம் போகணும்."