மேல்வீடு காலியா இருக்கு

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்பது அந்த வட்டாரத்து அடுக்குமாடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு மாடி ஏறி இறங்கி வேலை பார்க்கிற மனிதரிடம் "இன்னும் முடியலையா?" என்று கேட்டவர் தொலைந்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வந்த கோபம் தனி ரகம்.

காரணம் ஒரு கார் பந்தய வீடியோ கேம். அதன் முதல் பாகம் வந்தபோது அவருக்குப் பதினாறு வயது, தங்கைக்குப் பன்னிரண்டு. கார்கள் தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல இருந்தன. இரண்டாம் பாகத்தில் மழை பெய்தது. மூன்றில் இடித்தால் கதவு கழன்று விழுந்தது. எது மாறினாலும் டிவித் திரை குறுக்கே இரண்டாகப் பிரியும். மேலே தங்கை, கீழே அண்ணன். அவர்கள் வைத்த பெயர் மேல்வீடு, கீழ்வீடு. சண்டை போட்டு முறைத்துக்கொண்டு திரிந்தால், அண்ணன் இறங்கி வந்து "மேல்வீடு காலியா இருக்கு" என்பார். தங்கை இறங்கி வந்தால் கீழ்வீடு காலி. மன்னிப்பு என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது.

பிறகு தங்கை தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தன்னைக் கேட்காமல் முடிவு செய்தாளே என்று வீம்பு பிடித்த அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. எட்டு வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. போன வாரம் ஒன்பதாம் பாகம் வெளியானது. வாங்கி வந்த கையோடு தங்கைக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "மேல்வீடு காலியா இருக்கு." ஒரு நாள் முழுக்க அவரைத் தவிக்கவிட்டுப் பதில் வந்தது: "ஞாயிறு வர்றேன்."

வந்துவிட்டாள். சோபாவில் இரண்டு பேர், கையில் இரண்டு கன்ட்ரோலர். திரையில் தார் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிந்தது. இரண்டு பேர் ஆடும் வழியை மட்டும் காணோம். மெனுவைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அதை எடுத்துட்டாங்க சார். ரெண்டு பேர்னா ரெண்டு மெஷின், ரெண்டு டிவி. அவங்கவங்க வீட்ல இருந்து ஆன்லைன்ல ஆடலாம். இப்பல்லாம் யாரு சார் பக்கத்துல உக்காந்து ஆடுறாங்க?"

"நாங்க ஆடுறோம்யா! பழைய லிஃப்டைப் புதுசாக்கிட்டு, இனிமே ஒரு தடவைக்கு ஒரு ஆள்தான் ஏறணும்னு நான் சொன்னா விடுவாங்களா? கட்டி வெச்சு உதைக்க மாட்டாங்க?"

போனை வைத்தும் அடங்கவில்லை. தண்ணீருக்குள் வானத்தைக் காட்டத் தெரிந்தவனுக்குத் திரை நடுவில் ஒரு கோடு கிழிக்கத் தெரியாதா? என்ன அநியாயம் இது!

"இத்தனை வருஷம் கூடவே உக்காந்து ஆடுன ஆளை, ஒரு வார்த்தை சொல்லாம தூக்கிப் போட இவனுங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"உனக்கு எப்படி வந்துச்சு?" என்றாள் தங்கை.

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துல முன் வரிசையில உனக்கு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன் அண்ணா. கடைசி வரைக்கும் அதுல யாரையும் உக்கார விடல."

அவர் டிவியை அணைத்தார். அவளைப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த கன்ட்ரோலரையே பார்த்தார்.

"தப்புதான்மா. என் மேலதான் தப்பு."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னார்.