சாவு வீட்டுக்கு லைன் நிறுத்துவது

அண்ணி சொன்னதும் எழுந்து நடந்துவிட்டேன். பாதித் தெருவைத் தாண்டிய பிறகுதான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. மணவாள நகரில் அந்தத் தெருவின் கோடியில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தகரப் பெட்டி. நாங்கள் கேபிள் டிவி நடத்திய காலத்தில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த பெட்டி அது. அதைத் திறந்து வயரின் பின்னைக் கழற்றினால் தெருவில் ஒரு வீட்டிலும் டிவி ஓடாது. அதாவது, அன்றைக்கு ஓடாது. இப்போது அதற்குள் பல்லி முட்டைதான் இருக்கும் என்று தெரிந்தும் கால் அந்தப் பக்கம்தான் போனது.

பின்னால், சேகர் அண்ணன் வீட்டு ஹாலில், குளிர்பெட்டிக்குள் அண்ணன் படுத்திருந்தார். இந்த ஏரியாவுக்கே டிவி காட்டியவர். கேபிள் சேகர் என்றால் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்களுக்குக்கூட வீடு தெரியும். அவரைப் பார்க்கப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் முக்கால்வாசி காலி. பக்கத்து வீட்டு டிவியில் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம். எதிர்வீட்டில் கிரிக்கெட். அண்ணி அழுகையை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, என் பக்கம் திரும்பினார்.

"டேய், போய் லைன நிறுத்துடா. உங்க அண்ணன் படுத்துக்கினு இருக்காரு, அவங்க சிரிச்சுக்கினு இருக்காங்க."

அண்ணனின் லைன் செத்துச் சில வருஷம் ஆகிறது. அது அண்ணிக்குத் தெரியாததில்லை. அந்த நேரத்தில் அதையெல்லாம் யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை.

லைன் நிறுத்துவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் கேட்பீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊத்துக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளை, அப்புறம் டெம்போவில் கிளீனர், அப்புறம் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை. அங்கே பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று வழி மாறிக் காலில் ஏறியது. காண்டிராக்ட் ஆள் என்பதால் ஆலைக்கும் காலுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கால் ஆறியதும் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூர் வந்தேன். ஏன் திருவள்ளூர் என்றால், அந்த பஸ் அங்கேதான் போனது. என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படிப் பஸ் போர்டைப் பார்த்து எடுத்தவைதான்.

சேகர் அண்ணன் ஒரு கம்பத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். மேலே ஏற வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை. என்னைப் பார்த்து, "ஏறுவியா?" என்றார். ஏறுவேன் என்றேன். "படிச்சிருக்கியா?" எட்டு என்றேன். "கம்பத்துக்கு எட்டே ஜாஸ்தி. ஏறு."

அன்றிலிருந்து கண்ட்ரோல் ரூம்தான் எனக்கு வீடு. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. சுவர் முழுக்க ரிசீவர் பெட்டிகள், பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டிக்கொண்டு. சூடேறிய தகரமும் தூசியும் எரிந்த ஈயமும் கலந்த ஒரு வாசனை அதற்கு உண்டு. வெயில் காலத்தில் ஆலையே தேவலை என்று தோன்றும். மழைக் காலத்தில் அதைவிடச் சொகுசான படுக்கை கிடையாது. இன்றைக்கும் பழைய டிவியின் முதுகுப் பக்கம் மூக்கைக் கொண்டுபோனால் எனக்குத் தூக்கம் வரும்.

அங்கே சேர்ந்து கொஞ்ச நாளில் மூன்றாவது தெருவில் ஒரு பிளம்பர் இறந்துபோனார். அண்ணனுக்கு போன் வந்தது. கீழே வைத்ததும், "போய் அந்தத் தெரு பின்னக் கழட்டிட்டு வா" என்றார். எனக்குப் புரியவில்லை. எழவு வீட்டுப் பக்கத்தில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது, ஒவ்வொருத்தனும் தானாக நிறுத்துவான் என்று காத்துக்கொண்டிருக்க முடியாது, நம் கையில் இருக்கிறது, நாம் நிறுத்திவிடுவோம் என்றார். பிணத்தை எடுத்து, தெருவைக் கழுவி விட்டதும் மறுபடி மாட்ட வேண்டும். அவ்வளவுதான் முறை. எந்தச் சட்டத்திலும் இது இல்லை. மற்ற ஏரியாவில் இப்படிச் செய்தார்களா என்றும் எனக்குத் தெரியாது.

தெருக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். திடீரென்று படம் போய்விட்டால் முதலில் அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பார்கள். ஃபேனும் நின்றிருந்தால் கரண்ட் கட். ஃபேன் ஓடி டிவி ஓடாவிட்டால் யாரோ போய்விட்டார்கள். உடனே வாசலுக்கு வந்து, "யாரு ஊட்ல?" என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். ஒரே நிமிஷத்தில் தெருவே வாசலில் நிற்கும். சீரியல் பாதியில் போய்விட்டதே என்று முனகிக்கொண்டே வருகிறவர்கள்தான். ஆனால் வந்துவிடுவார்கள். வாசலுக்கு வந்தவர்களுக்கு அப்புறம் போகாமல் இருக்க முடியாது அல்லவா.

கம்பத்தை நெருங்கியபோது ஞாபகம் வந்ததெல்லாம் ஒரு கிரிக்கெட் ஃபைனல் நாள்தான். இந்த ஒரே பெட்டியிலிருந்து முன் தெருவுக்கும் லைன் போகும், பின்னால் இருக்கும் காலனிக்கும் போகும். முன் தெருவில் நிலமும் கடையும் வைத்திருந்தவர்கள். காலனியில் இருந்தவர்களின் அப்பன் பாட்டன் அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். பிள்ளைகள் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஷிஃப்ட் போகிறவர்கள். அன்றைக்கு மத்தியானம் காலனியில் மேரியக்காவின் மகன் இறந்துபோனான். வேலைக்குப் போன பையன், கம்பெனி பஸ்ஸில் திரும்பி வரும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவைத்திருந்தார்கள்.

நான் பின்னைக் கழற்றினேன். இரண்டு தெருவும் சேர்ந்து நின்றது.

மேட்ச் பாதியில் இருந்தது. முன் தெருவிலிருந்து ஆட்கள் கண்ட்ரோல் ரூம் படியேறி வந்தார்கள். முன்னால் ரைஸ்மில்காரர். அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அவங்க ஊட்டு எழவுக்கு எங்க ஊட்டு டிவி ஏன்டா நிக்கணும்?"

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "பெட்டி ஒண்ணுதான் சார். நான் இன்னா பண்ணட்டும்? எப்ப எடுக்கறாங்கன்னு வேணா நீங்களே போய்க் கேட்டுனு வாங்க."

ரைஸ்மில்காரர் நிஜமாகவே கேட்கத்தான் போனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. போனவர் கேட்கவில்லை. யாரோ நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தார். கறுப்பு டீ கொடுத்தார்கள், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் குடித்தார். ஜெபம் பண்ணி, சவப்பெட்டியைத் தூக்கும்வரை அங்கேதான் இருந்தார். அவர் மனசு மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறு வாரமே மொட்டை மாடியில் டிஷ் மாட்டிவிட்டார்.

நான் அண்ணனிடம், ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டால் இரண்டு தெருவையும் பிரித்துவிடலாமே, இனிமேல் இந்தப் பேஜாரு இருக்காதே என்றேன். எனக்கே தெரிந்த வேலை, டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அவர் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார். "பிரிக்க வேணாம். அது அப்படியே கெடக்கட்டும்."

கடைசிவரை அப்படியேதான் கிடந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்கள் தெருவிலும் நடந்திருக்கும். செட்டாப் பாக்ஸ் வந்தது. லாக்டவுனில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வகுப்பு, பெரியவர்களுக்கு வீட்டிலேயே ஆபீஸ் என்றானதும் ஃபைபர் வந்தது. பனியன் போட்ட பையன்கள் எங்கள் கம்பங்களிலேயே ஏறி மெல்லிசாக ஒரு கறுப்பு வயரை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. அது தெளிவான படம்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மழை பெய்தால் போகாது. வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கலாம். ஜனங்கள் செட்டாப் பாக்ஸைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார்கள். ஓர் அம்மா, மேலே போட்டிருந்த உல்லன் பின்னல் உறையோடு கொடுத்துவிட்டுப் போனார். கண்ட்ரோல் ரூமில் அவற்றைச் சுவர் உயரத்துக்கு அடுக்கினோம், எறும்பு கூடு வைத்தது. பிறகு அந்த அறையே கூரியர் குடோன் ஆனது. அண்ணன் அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், யாருடைய பார்சலையோ காவல் காக்கிற மாதிரி.

நான் கிளம்பிவிட்டேன். காக்களூரில் முலாம் பூசும் யூனிட், அப்புறம் தண்ணீர் கேன், அப்புறம் செக்யூரிட்டி. ஃபைபர் காண்டிராக்டரின் சூப்பர்வைசர் அவ்வப்போது போன் போடுவான். கம்பம் ஏறத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை, வா என்பான். மாட்டேன் என்பேன். அண்ணன் உட்கார்ந்திருக்கிற தெருவில் நான் அந்த வயரோடு நடக்க முடியுமா?

அண்ணன் வீட்டுக்கே ஃபைபர் வந்ததுதான் வேடிக்கை. மகள் மஸ்கட்டில் இருந்தாள், பேரப்பிள்ளை முகம் பார்க்க வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாக இருந்தார். பையன்கள் வயர் இழுக்க வந்த அன்றைக்கு அண்ணன் ஊத்துக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. சாயங்காலம் ஒரு முலாம்பழத்தோடு திரும்பி வந்து, மினுங்கிக்கொண்டிருந்த மோடத்தைப் பார்க்காமலே கடந்து போனாராம். அண்ணி சொல்லிச் சிரிப்பார். இப்போது அந்த மோடத்துக்குக் கீழேதான் குளிர்பெட்டி இருந்தது. ஒரு செல்லை ஸ்டாண்டில் வைத்து அவர் முகத்துக்கு நேரே திருப்பியிருந்தார்கள். மஸ்கட்டிலிருந்து மகள் அழுதுகொண்டிருந்தாள். அந்த லைன் இல்லையென்றால் அவள் அப்பன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கம்பம் ஏறினேன். உடம்பு பெருத்துவிட்டது. பெட்டிக் கதவு துருப்பிடித்து இறுகியிருந்தது, கையால் குத்தித் திறந்தேன். அந்த வாசனையில் துளி மிச்சம் இருந்தது. பின்னைப் பிடித்துத் திருகினேன். அது கழன்று கையோடு வந்தது.

ஒன்றும் நிற்கவில்லை. கிரிக்கெட்டில் யாரோ அவுட் ஆனான். ஒரு வீட்டில் குழந்தைக்குப் போட்ட பொம்மைப் படம், ஒரு வீட்டில் துப்பாக்கிச் சத்தம். ஒரு வாசலிலும் ஆள் இல்லை. முன்பெல்லாம் மேலேயிருந்து பார்த்தால், பின்னைக் கழற்றிய கையை எடுப்பதற்குள் கதவுகள் திறக்கும். கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கிக்கொண்டு பார்த்தேன். பிறகு இறங்கி வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். புதிதாகக் குடிவந்த பையன். பக்கத்து வீட்டில் சாவு என்றதும் பதறிப்போய், "சாரிண்ணா, தெரியல" என்று சத்தத்தைக் குறைத்தான். நல்ல பையன்தான். எதிர்வீட்டைத் தட்டினேன், திறக்கவில்லை. அதற்கு மேல் எத்தனை கதவைத் தட்டுவது?

அண்ணியிடம் போய், "நிறுத்திட்டேன் அண்ணி" என்றேன்.

எதிர்வீட்டில் சிக்ஸர் அடித்த சத்தம் வந்தது. அண்ணி என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு சேலைத் தலைப்பால் குளிர்பெட்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

எடுக்கும்போது தூக்கவே ஆள் போதவில்லை. வண்டிக்காரரும் ஒரு கை கொடுத்தார். எரித்துவிட்டுத் திரும்பி வரும்போது டீக்கடையில் அந்த சூப்பர்வைசர் நின்றிருந்தான். விஷயம் கேள்விப்பட்டு உச்சுக்கொட்டினான். பழைய கேபிள் வயரெல்லாம் கம்பத்தில் அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அறுத்து இறக்க ஆள் வேண்டும், இப்பவாவது வருகிறாயா என்றான். மாட்டேன் என்று சொல்வதற்கு இனி யாரை நினைத்துக்கொள்வது? வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு வந்தால் முதல் கம்பமே அந்தக் கம்பம்தான். இடுப்பில் கயிறு, கையில் கட்டர். ஏறி, காலனிப் பக்கம் போகிற வயரில் கட்டரை வைத்தபோது கீழே காலனி முனையில் மேரியக்கா வந்து நின்றார். தலை நரைத்துவிட்டது. பெட்டியருகே என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறார் போல.

"இன்னாப்பா, யாரு ஊட்ல?"

"சேகர் அண்ணன்க்கா. நேத்து."

வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நேத்தா? நேத்து பூரா டிவி ஓடிக்கினுதானப்பா இருந்துச்சு" என்றார்.

நான் கட்டரை அழுத்தினேன்.