வாசல் வெளிச்சம்

"கொண்டாங்க இப்படி" என்று துணியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு அங்கப்பன் வாசலுக்கு இறங்கிவிடுவார். காந்திபுரத்தில் இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் சந்தில் அவருடைய மேட்சிங் சென்டர். வாசலில் ஒரு கருங்கல் பலகை. பக்கத்துக் கட்டட நிழல் படாமல் வெளிச்சம் நேராக விழுகிற இடம் அந்தச் சந்திலேயே அது ஒன்றுதான். அதன்மேல் ஏறி நின்று, ஒரு கையில் சேலை முந்தானை, மறு கையில் பிளவுஸ் துணி என்று வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். சேலைக்குச் சொந்தக்காரி எட்டிப் பார்த்தால் முழங்கையால் மறைப்பார். "நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? நாஞ் சொன்னாச் செரியா இருக்கும்."

சரியாகத்தான் இருக்கும். காரமடை வரைக்கும் கல்யாண வீடுகளில் "அங்கப்பன் எடுத்துக் குடுத்தது" என்றால் அதற்குமேல் பேச்சில்லை. கடையின் பெயர்ப்பலகை மங்கிப் போயும் அவர் மாற்றாததற்கு அந்தத் திமிரும் ஒரு காரணம்.

கடைக்குள் எரியும் எல்.இ.டி. விளக்குகளை மட்டும் அவர் நம்பவே மாட்டார். "கரண்டு வெளிச்சம் பாதி நெறத்த முழுங்கிப்போடுதுங்க" என்பார். கையில் ஆதாரமும் வைத்திருக்கிறார். சேலை ஃபால்ஸ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று. ஒரு பக்கம் பிளேடால் மெல்லிய கீறல், உள்ளே உடைந்த சி.டி. துண்டு, கண் வைத்துப் பார்க்க ஓர் ஓட்டை. கீறலை விளக்குப் பக்கம் திருப்பினால் நிறங்கள் பட்டையாக விரியும். ஆனால் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே சோகை பிடித்திருக்கும். வானத்துப் பக்கம் திருப்பினால் எல்லா நிறமும் குறையில்லாமல் வரும். நடுநடுவே முடியிழை போலக் கறுப்புக் கோடுகள்.

கோடுகளைப் பற்றி ஆரம்பித்தால் வந்தவர் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். மதியம் கடை காற்று வாங்கும்போது போனில் வான்வெளி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஞானம். "துணி ஓரத்துல மில்லு பேர அச்சடிச்சிருப்பாங்கல்லீங்க? அந்தக் கோடுதானுங்க சூரியன் அடிச்சு அனுப்புற பேரு. இன்ன சரக்கு போட்டு நெஞ்சதுன்னு அதுலயே இருக்குதுங்க. ஹீலியத்த மொதல்ல சூரியன்லதான் பாத்தாங்க, பொறவுதான் பூமியில. ஆராச்சும் அங்க போயி அள்ளிட்டு வந்தாங்களா? வெளிச்சம் கொண்டாந்துச்சுங்க." நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டால் வியாபாரியாகவே பதில் சொல்வார். "அதெல்லாம் பழைய ஸ்டாக்குங்க. அனுப்பிச்ச கடை இப்ப இருக்குதோ இல்லையோ!" இன்னொன்றும் சொல்வார். "தூரத்து நட்சத்திரம் சிலது செவந்து தெரியுமுங்க. அதும்பட சொந்த நெறம் அது இல்லீங்க. வர்ற வழியில தூசி. நீலத்தப் பூரா மறிச்சுப்போடும். பாக்கறவன் ஏமாந்துபோவான்."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் விமலாராணி ஒரு பை நிறைய பிளவுஸ்களும் ஒரு சேலையுமாக வந்து நின்றாள். கிறிஸ்தவப் பங்குக் கோயிலின் பாடற்குழுவை நடத்துகிறவள். திருவிழாவுக்காகக் குழுவுக்கு மொத்தமாக லேவண்டர் சேலை எடுத்து, பிளவுஸ் துணியை அங்கப்பனிடம் வாங்கி, எல்லாரும் தைத்தும் ஆகிவிட்டது.

"அங்கப்பண்ணா, நீங்க குடுத்தது லேவண்டர் இல்லீங்க, சாம்பல். நாங்க நெத்தியில சாம்பல் பூசற புதனுக்கு இன்னும் நாள் கெடக்குதுங்களே!"

அங்கப்பன் துணியைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. "துணி மேல தப்பில்லீங்க அம்மணி. உங்க கோயில் லைட்டு பொய் சொல்லுது. காலையில வாரேன், நிரூபிச்சுக் காட்டறேன்."

சொன்னபடி மறுநாள் காலையில் பெட்டியோடு போய் இறங்கினார். பாட்டுப் பயிற்சி நின்றுபோனது. முதலில் விளக்கைக் காட்டிக் குற்றத்தை நிரூபித்தார். விமலாராணி விடுவதாக இல்லை. "செரிங்கண்ணா, ஜன்னல்லயும் பாத்துப்போடலாம்" என்று பெட்டியை வாங்கி வெளிவானத்துக்கு நேராகப் பிடித்தாள். "செவப்பு, மஞ்ச, பச்ச, நீலம், பொறவு ஊதா, நல்ல அகலமா."

"ஊதா எங்கீங்க இருக்குது அவ்வளவு?"

"நீலத்துக்கு அந்தப்பக்கமுங்க."

அங்கப்பன் வாங்கிப் பார்த்தார். நீலமே நோஞ்சானாக இருந்தது. அதற்கு அந்தப்பக்கம் ஒன்றுமில்லை, இருட்டு. பெட்டியைத் தட்டினார். சி.டி. துண்டை வேட்டியால் துடைத்தார். பக்கத்தில் நின்ற, குழுவில் பாடும் ஷைலாவிடம் கொடுத்தார். "ஊதாதானுங்களே இதுல அழகு!" என்றாள் அவள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைக் காட்டுங்கள் என்று மனைவி காளியாத்தாள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கா கண்ணில் கோளாறு என்று சிரித்தே தள்ளிவிட்டார். இப்போது எத்தனை வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் தான் எடுத்துக் கொடுத்த சாம்பல் பிளவுஸ் இருக்கிறதோ என்று பயந்துபோனார். கண் போனால் அங்கப்பனிடம் வேறு என்ன இருக்கிறது?

"என்னாச்சுங்கண்ணா? பெட்டியில தூசியா?"

"பெட்டியில இல்லீங்க அம்மணி" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினார். "வர்ற வழியில."

கண்புரைதான். டாக்டர் முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார். கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவர், அதைத் தூக்கிவிட்டு ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரைப் பார்த்தார், பிறகு மாற்றிப் பார்த்தார். "ஊட்டுக்கு எப்பப் புள்ள வெள்ள அடிச்சே?"

"ஊட்டுக்கு இல்லீங்க, உங்க கண்ணுக்கு" என்றாள் காளியாத்தாள்.

பாடற்குழுவுக்கு மாற்றுத் துணி அவர் பொறுப்பு. மறுபடி கடை திறந்த அன்றே விமலாராணியை வரச் சொன்னார். புதுக் கண்ணால் அடுக்கைத் துழாவி ஒரு துண்டை உருவினார். சந்தேகமே இல்லை, இதுதான் லேவண்டர். சேலையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கி, வழக்கம்போல் பலகைமேல் ஒரு காலை வைத்தார்.

வைத்த காலை எடுத்துக்கொண்டார். "நீங்க ஏறுங்க அம்மணி" என்று இரண்டு துணியையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, துணியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்து நின்றார்.