பன்னிரண்டு வாளிகளும் ஓர் இலைக்கட்டும்

எங்கள் ஊர் சாணார்பட்டிக்குக் கிழக்கே. நான் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிறவன். தினமும் சைக்கிளில் போய் வருவேன். சொந்தமாக ஒரு விசிலும் வைத்திருந்தேன். சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியது. டவுன் வேலை, விசில் என்ற இந்த இரண்டு தகுதிகளையும் பார்த்துத்தான், அம்மன் கோவில் பங்குனித் திருவிழாவின் அன்னதானப் பந்தலுக்குப் பந்தோபஸ்து பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்தாறு வயது.

"டவுன்ல நாலு கூட்டத்தப் பாத்தவன் நீ. ஒரு அசம்பாவிதம் இல்லாமப் பாத்துக்கப்பு" என்றார் ஊர்ப் பெரியவர்.

"கூட்டத்தச் சினிமாக் கொட்டகையிலதான்யா பாத்திருக்கேன். அதுவும் தரை டிக்கெட்டு."

"அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தாலே சிரிப்பது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டிருந்தது. உண்மையில் நான் பயந்தவன். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன்; நானே அரம் போட்ட பூட்டாக இருந்தால் ஐந்து முறை. திருவிழாவுக்கு இருந்த எட்டு நாளும் எதை எண்ணினாலும் அதில் ஓர் ஆபத்து தெரிந்தது. வண்டிமாடு மிரளும். யாருக்காவது சங்கிலி தொலையும். குழந்தை சாம்பார் அண்டாவில் விழும். பாயசத்தில் பல்லி விழும். பல்லிக்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தேன்.

முந்தைய வருடம் பக்கத்து ஊர் இளவட்டங்கள் பெண்கள் பந்தலுக்குள் தலையை நீட்டி, அடிதடி வரைக்கும் போயிருந்தது. அதனால் பெண்கள் பந்தலின் மூன்று பக்கமும் தென்னங்கீற்றுத் தட்டி வைத்து அடைக்கச் சொன்னேன். நாலாவது பக்கம் ஆண்கள் பந்தலோடு சேரும் இடத்தில் ஒரே ஒரு வழி. தட்டிகளைத் தேங்காய்நார்க் கயிற்றால், முழத்துக்கு ஒரு முடிச்சு வீதம், அதுவும் ரெட்டை முடிச்சாகப் போட வைத்தேன். பந்தல்காரர் சலித்துக்கொண்டார்.

"நாளைக்கு அவுக்கிறது நானாக்கும். இம்புட்டு முடிச்சு எதுக்கு?"

"ஒருத்தன் கை உள்ள நுழையக் கூடாது."

பூட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கதவு வைக்கச் சொன்னால் அவன் முதலில் பூட்டைத்தான் வைப்பான்.

தீக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். பன்னிரண்டு வீடுகளில் ஆளுக்கொரு வாளி இரவல் வாங்கி, தண்ணீர் நிரப்பி, பந்தல் கால்களில் மாட்டினேன். தரையில் நீளமாகப் பள்ளம் வெட்டி வரிசையாக அண்டா ஏற்றும் கோட்டை அடுப்பை நாற்பது அடி தள்ளி வெட்டச் சொன்னேன். சமையல்காரர் கேட்கவில்லை. இரண்டு பந்தலுக்கும் எடுத்துப் போக வசதியாக, அவை சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெட்டிவிட்டார்.

"சோத்தை அம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்தா ஆறிப் போகும்ணே. ஆறுன சோத்தைத் தின்னுட்டு என்னையத்தான வைவாக."

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். சூடான சோற்றுக்கு முன்னால் என் பயம் நிற்கவில்லை.

என் மனைவி அந்த மாதம் கிணற்றுப் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டிருந்தாள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கால். வீட்டில் இருக்கச் சொன்னேன், வருவேன் என்றாள். வண்டியில் கொண்டுபோய் இறக்கி, பெண்கள் பந்தலில் கடைசி மூலையாகப் பார்த்து உட்கார வைத்தேன். கூட்டம் இடிக்காது, யாரும் காலை மிதிக்க மாட்டார்கள். யோசித்துத்தான் செய்தேன். வழியிலிருந்து அதைவிடத் தூரமான இடம் அந்தப் பந்தலில் இல்லை.

அவள் மடியில் வீட்டு அரிவாள்மனை இருந்தது. பந்தலுக்குள் அரிவாள்மனை கூடாது, காய் நறுக்குகிறவர்கள் வெளியில் உட்கார வேண்டும் என்று முந்தைய நாளே தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தேன்.

"சின்னப் பிள்ளைக ஓடுற இடம். இதைக் குடு, வெளிய வைக்கிறேன்."

"காலத்தான் ஒடச்சுக்கிட்டேன், கையும் சும்மா இருக்கணுமா? இன்னும் ஒரு கூடை கத்திரிக்கா கெடக்கு. போங்க, போயி விசில் ஊதுங்க."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் போய் விசில் ஊதினேன்.

இரண்டாம் பந்தியில் அது நடந்தது. நான் இரண்டு பந்தலும் சேரும் இடத்தில், பெண்கள் பக்கத்து வழியில், ஓர் இலைக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பங்குனி மத்தியானத்தில் எங்கள் பக்கம் திடீரென்று ஒரு சுழிக்காற்று கிளம்பும்; குப்பையைத் தூக்கிச் சுற்றிவிட்டு அடங்கிவிடும். அது கோட்டை அடுப்பின் மேல் போனது. ஒரு கை அளவு நெருப்புத்தூள் எழுந்து, என் தலைக்கு மேலே கூரையில் உட்கார்ந்தது. காய்ந்த கீற்று. முதலில் ஒரு சத்தம் வந்தது, யாரோ அப்பளம் நொறுக்குவதைப் போல. நிமிர்ந்து பார்த்தேன்.

விசில் வாயில்தான் இருந்தது. ஊதினேனா என்று கேட்டால், காற்று வரவில்லை. பின்னால் அவளிருந்த மூலை. முன்னால் வெளிச்சம். அப்போது நான் என்ன நினைத்தேன் என்று பல வருடங்களாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நினைக்கவில்லை. கால் இரண்டும் தனியாக ஒரு முடிவு எடுத்தன. மற்றதெல்லாம் கூடப் போயிற்று.

பந்தலைத் தாண்டினேன். வண்டிகள் அவிழ்த்து விட்டிருந்த இடத்தைத் தாண்டினேன். ஒரு மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலைத் தின்றது. களத்துமேட்டைத் தாண்டி, ரோட்டோரப் பனைமரத்தடியில் நின்றபோதுதான் நான் நிற்கிறேன் என்று தெரிந்தது. கையில் இலைக்கட்டு அப்படியே இருந்தது. கசங்கக்கூட இல்லை. பந்தலில் இருந்து நான் காப்பாற்றியது அவ்வளவுதான், இருபது வாழையிலை.

திரும்பிப் பார்த்தேன். புகை. சத்தம் தூரத்தில், யார் வீட்டுக் கல்யாணமோ என்பதைப் போலக் கேட்டது. அவள் உள்ளே இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல இரண்டு தடவை சொன்னேன். ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு நடந்து திரும்பினேன். ஓடவில்லை. ஓடுவதற்கு இருந்ததை எல்லாம் வந்த வழியிலேயே செலவழித்துவிட்டேன்.

நான் போவதற்குள் தீ அணைந்திருந்தது. அணைத்தவர் என் மச்சான், அவளுடைய அண்ணன். அவர்தான் பரிமாறும் ஆட்களுக்குத் தலைவர். இரண்டாம் பந்திக்கு வாளி பற்றாமல், கால்களில் தொங்கிய என் பன்னிரண்டு வாளிகளையும் எடுத்து, தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, சாம்பாரும் ரசமும் மோரும் நிரப்பியிருக்கிறார். கூரை பிடித்ததும் கையில் இருந்ததை வீசியிருக்கிறார்கள். ரசம்தான் நன்றாகப் பிடித்தது என்றார்கள். சாம்பார் கனமாம், மேலே ஏறவில்லையாம். மிச்சக் கூரையைத் தொரட்டியால் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பாதி வெந்த கீற்றின் மேல் கொத்தமல்லித் தழை ஒட்டியிருந்தது. அந்த இடமெல்லாம் பெருங்காய வாசனை.

பெண்கள் வழியில் கூரை விழுந்து மறித்துக் கிடந்தது. நான் அதைப் பார்த்தபடி நின்றேன். மச்சான் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அங்கிட்டுப் பாருங்க மாப்ள. எல்லாம் பின்னால கூடி வந்துருச்சுக."

பின்பக்கத் தட்டி ஒன்று தரையில் விழுந்து கிடந்தது. என் ரெட்டை முடிச்சுகள் ஒன்றுகூட அவிழவில்லை. அறுந்திருந்தன. கீழே உள்ள நாலு முடிச்சை அவள் உட்கார்ந்தபடியே அறுத்திருக்கிறாள், அரிவாள்மனையைத் தலைகீழாகப் பிடித்து. மேலே உள்ளதை இன்னொருத்தி வாங்கி அறுத்தாளாம். நாற்பது பெண்கள், குழந்தைகள், எல்லோரும் அந்தச் சந்தில் வெளியே வந்திருக்கிறார்கள். இவளை இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இழுத்திருக்கிறார்கள். ஒருத்திக்குச் சேலைத் தலைப்பு கருகியது. ஒரு பிள்ளைக்குக் கையில் கொப்புளம். வேறொன்றும் இல்லை.

அவள் வேலியோரம் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் சாம்பல். நான் எதிரில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"எல எதுக்கு?"

இலைக்கட்டை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் அதிலிருந்து ஓர் இலையை உருவி, விசிறிக்கொண்டாள்.

செத்த நேரம் கழித்துக் கோவில் வாசலில் ஊர் கூடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆத்தா காப்பாற்றினாள் என்று பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னை முன்னால் கூப்பிட்டார்.

"வாளிய வரிசையா மாட்டி வச்சது யாரு? இவன்தான. இல்லைன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்?" என்று ஒரு துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

நான் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்லியும்விட்டேன்.

"ஐயா, நான் ஓடிட்டேன். பனமரம் வரைக்கும் ஓடிட்டேன்."

கூட்டம் சிரித்தது. ஏலே, இவன் வாய் இருக்கே என்று யாரோ சொன்னார்கள். மச்சான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேலியோரம் பார்த்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காதவள் ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும் என்று அறிந்துகொண்டேன். துண்டு புதிது, கஞ்சி வாடை அடித்தது. தோளில் அது கிடந்தது தெரிந்தது, தோள் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் அரிவாள்மனையைக் கழுவினாள். நார் சிக்கியிருந்ததை நகத்தால் எடுத்தாள். பிறகு அதில் வெங்காயம் நறுக்கினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மறுநாள் காத்திருந்தேன். காலில் கட்டு அவிழ்க்கும் வரை காத்திருந்தேன். சோறு போட்டாள், வெஞ்சனம் வைத்தாள், பட்டறையில் என்ன சேதி என்று கேட்டாள். சாப்பாட்டில் உப்பு உண்டா இல்லையா என்று எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தெரியவில்லை. பட்டறையில் அரம் விரலில் இழுத்து ரத்தம் வந்தபோது, பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்லித்தான் பார்த்தேன்.

ஒருநாள் நானே ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு வாளி எடுக்கத்தான் போனேன்."

அவள் முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"பனமரத்துலயா வாளி தொங்குச்சு?"

அந்தப் பேச்சை நாங்கள் இதுவரை மறுபடி எடுக்கவில்லை.

அடுத்த வருடமும் பந்தோபஸ்து எனக்கே வந்தது. அனுபவஸ்தன் என்றார்கள். மறுக்கப் பார்த்தேன், அதற்கும் சிரித்தார்கள். அந்த முறை அடுப்பை நாற்பது அடி தள்ளி, நானே நின்று வெட்ட வைத்தேன். சோறு ஆறியதற்காக என்னை வைதார்கள், வாங்கிக்கொண்டேன். வாளிகளில் தண்ணீரோடு ஒரு பிடி சாணத்தையும் கரைத்துவிட்டேன், யாரும் ரசம் ஊற்றாமல் இருக்க. பெண்கள் பந்தலில் மூன்று பக்கமும் வழி விட்டேன். வழி விடாத தட்டிகளுக்கு, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அவிழும் முடிச்சுப் போட்டேன். பந்தல்காரரை விடவில்லை; ஒவ்வொன்றாக நானே போட்டேன். இளவட்டங்கள் எட்டிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவள் வருவாளா என்று கேட்கவில்லை. வந்தாள். கால் சரியாகி, லேசாகச் சாய்ந்து நடப்பாள். கையில் அரிவாள்மனை. வழியோரமாக இடம் பார்த்து வைத்திருந்தேன். அவள் அங்கே உட்காரவில்லை. நேராகப் பழைய மூலைக்கே போனாள். உட்காரவில்லை. தட்டியோரம் நின்று, முடிச்சின் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு கையோடு வந்தது. கீற்று சாய்ந்து வெளிச்சம் விழுந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை மறுபடி அதே மாதிரி கட்டினாள். நான் போட்டதைவிடக் கொஞ்சம் தளர்வாக. பிறகு அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கத்திரிக்காய்க் கூடையை இழுத்துக்கொண்டாள். நான் வழியில் போய் நின்றேன். அந்த முறை கையில் இலைக்கட்டு வைத்துக்கொள்ளவில்லை.